சின்ன பட்ஜெட்ல பசுமை வீடு: திரும்பத் திரும்ப என்கிட்ட கேக்குற கேள்விகளும் என் பதில்களும்

நான் விழுப்புரம், திண்டிவனம் பக்கம் சின்ன வீடுகளா கட்டிக் குடுக்குற சிவில் இன்ஜினியர். பெரும்பாலும் 300ல இருந்து 600 சதுரடி வரைக்கும் தான். அரசு திட்டத்துல கொஞ்சம், நகை அடகு வெச்சு கொஞ்சம், சீட்டு எடுத்து கொஞ்சம்னு காசு சேத்துக்கிட்டு வர்றவங்க. அவங்க கேக்குறதயெல்லாம் ஒரே இடத்துல எழுதி வெச்சிரலாம்னு உக்காந்தேன், ஏன்னா பாதி பேர் என்கிட்ட வர்றப்பவே கடகால் தோண்டி முடிச்சிருப்பாங்க, அப்புறம் மாத்த முடியறது ரொம்ப கம்மி.

பசுமை வீடுன்னா சோலார் பேனல் போட்ட வீடு தானே அக்கா?

அந்த பேரே அப்படி ஆகிப்போச்சு. விளம்பரத்துல எல்லாம் மாடித்தோட்டம், கண்ணாடி சுவர், பேனல்னு காட்டி காட்டி, இது காசு இருக்கிறவங்க சமாச்சாரம்னு நம்ம ஜனங்க ஒதுங்கிக்கிறாங்க. நான் ரெண்டு விஷயம் தான் பாப்பேன். அந்த வீட்ட கட்ட எவ்ளோ சிமெண்ட், எவ்ளோ கம்பி, எவ்ளோ சுட்ட செங்கல் போச்சுங்கிறது ஒண்ணு. சித்திரை மாசம் மதியம் ரெண்டு மணிக்கு அந்த வீட்டுக்குள்ள ஒரு கைக்குழந்தையும் பாட்டியும் படுத்து தூங்க முடியுதாங்கிறது இன்னொண்ணு.

சிமெண்ட் எப்படி வருதுன்னு தெரிஞ்சா மீதி தானா புரியும். சுண்ணாம்புக்கல்ல 1450 டிகிரி பக்கம் சூடாக்கணும், அதுக்கு எரிக்கிற நிலக்கரி புகை ஒரு பக்கம், அது போதாதுன்னு சூட்டுல அந்த கல்லே பிரிஞ்சு கரியமில வாயுவ விடுது. உலகம் முழுக்க மனுஷன் விடுற கரியமில வாயுல 7, 8 சதவீதம் சிமெண்ட் கணக்கு. அப்ப உங்க வீட்ல பத்து மூட்டை சிமெண்ட் குறைஞ்சா காத்துக்கும் நல்லது, உங்க கைக்காசும் மிச்சம். ரெண்டும் ஒரே திசைல போகுது பாருங்க, எனக்கு இந்த வேலைல ரொம்ப பிடிச்சதே அது தான்.

ஆனா செலவு ஏறும்னு தானே எல்லாரும் சொல்றாங்க?

மேல ஒட்டுற சாமான்ல பசுமைய தேடினா ஏறும். சுவர்லயும் தளத்துலயும் தேடினா இறங்கும். இத நமக்கு பக்கத்து மாநிலம் கேரளாவுலயே ஒருத்தர் அம்பது வருஷம் முன்னாடி கட்டிக் காட்டிட்டார், லாரி பேக்கர். 1917ல பர்மிங்காம்ல பொறந்தவர், காந்திய சந்திச்சிருக்கார், வீடு கட்டுற பொருள் அஞ்சு மைல் சுத்தளவுல கிடைக்கிறதா இருக்கணும்னு காந்தி சொன்னத கடைசி வரைக்கும் புடிச்சிக்கிட்டார். திருவனந்தபுரத்துல உள்ளூர்ங்கிற இடத்துல சென்டர் ஃபார் டெவலப்மென்ட் ஸ்டடீஸ் வளாகம் அவர் கட்டினது, போனா கண்டிப்பா பாருங்க, செங்கல்லயே சல்லடை மாதிரி ஓட்டை விட்டு காத்து வர்ற சுவர், வெளிப்பூச்சே கிடையாது. தம்பானூர் பஸ் ஸ்டாண்ட் கிட்ட இருக்கிற சுத்திச் சுத்தி ஏறுற இந்தியன் காபி ஹவுஸும் அவருது தான். 1980கள்ல கோஸ்ட்ஃபோர்டுன்னு ஒரு அமைப்பு திருச்சூர்ல ஆரம்பிச்சாங்க, அதுல அவர் பெரிய தூண், அவர் 2007ல காலமான பிறகும் அவங்க ஏழைங்களுக்கு இந்த முறைல வீடு கட்டிக்கிட்டே தான் இருக்காங்க. நான் கீழ சொல்லப்போற பாதி விஷயம் அவர் வழில வந்தது.

ராட் டிராப் பான்டுன்னா என்ன? சுவருக்குள்ள பொந்து விடுறதா சொல்றாங்க, நிக்குமா?

நிக்கும். வழக்கமா செங்கல்ல படுக்க வெச்சு கட்டுவோம். இதுல கல்ல பக்கவாட்டுல நிமித்தி, வெளிப்பக்கம் ஒரு கல்லு, உள்பக்கம் ஒரு கல்லு, நடுவுல 3 இஞ்ச் சந்து, அப்புறம் குறுக்கால ஒரு கல்லுன்னு போகும். சுவர் கனம் அதே 9 இஞ்ச் தான். ஆனா ஒரு வரிசை ஏறினா 3 இஞ்சுக்கு பதிலா நாலரை இஞ்ச் உயரும்.

கணக்கு போட்டு பாருங்க. 9க்கு நாலரைக்கு 3 அளவு கல்லுல, 100 சதுரடி 9 இஞ்ச் சுவருக்கு வழக்கமா 900 கல் பக்கம் போகும், இதுல 700 சொச்சம். கிட்டத்தட்ட அஞ்சுல ஒரு பங்கு மிச்சம். 18க்கு 20 அடி வீடுன்னா சுத்து சுவர்ல கதவு ஜன்னல் போக ஒரு 650 சதுரடி வரும், அதுல மட்டும் 1200 கல் மிஞ்சும், கல்லு 10 ரூபான்னு வெச்சா 12,000 ரூபா. கலவையும் குறையும். அந்த 3 இஞ்ச் காத்து தான் வெயில உள்ள விடாம தடுக்குறது, அதுக்கு நீங்க காசே குடுக்கல.

எல்லா இடத்துலயும் பொந்து விடக்கூடாது, இத நல்லா கேட்டுக்கோங்க. பேஸ்மென்ட் மேல முதல் வரிசை, ஜன்னல் அடி, கதவு ஜன்னல் மேல வர்ற லிண்டலுக்கு கீழ, தளம் உக்கார்ற கடைசி வரிசை, கதவு நிலை ரெண்டு பக்கமும் கெட்டியா கட்டணும். மூலைங்கள்ல அந்த சந்துல ஒரு கம்பி நட்டு கான்கிரீட் ஊத்திட்டா நிலநடுக்கத்துக்கும் பலம்.

இன்னொரு உண்மையும் சொல்லிடறேன், இதுக்கு கல்லு ஒரே அளவா இருக்கணும். நாட்டு சூளைல வர்ற கோணல் கல்ல வெச்சு இத கட்டினா ரெண்டு பக்கமும் மேடு பள்ளம், அத மறைக்க தடியா பூசணும், மிச்சம் புடிச்ச சிமெண்ட் எல்லாம் பூச்சுல போயிடும். சேம்பர் சூளைல சுட்ட, அளவு மாறாத நல்ல கல் கிடைக்கிற ஊர்ல மட்டும் செய்ங்க.

எங்க மேஸ்திரி "இதெல்லாம் வேலைக்காகாது"ன்னு சொல்றாரு.

அவர் மேல கோவப்படாதீங்க. முப்பது வருஷமா ஒரு மாதிரி கட்டி பேர் வாங்கினவர், நாளைக்கு சுவர் வெடிச்சா ஊர்ல அவர் பேர் தான் கெடும். என்னோட முதல் ராட் டிராப் வீட்ல, நான் சாயங்காலம் கிளம்பி போன பிறகு கொத்தனார் அந்த சந்து எல்லாத்துலயும் கலவைய கொட்டி ரொப்பிட்டாரு. காலைல போய் பாத்தா பெருமையா சொல்றார், "பொந்து விட்டுட்டு போயிட்டீங்கம்மா, நான் அடைச்சிட்டேன்"னு. தப்பு என்னுது, எதுக்கு அந்த சந்துன்னு நான் அவருக்கு சொல்லவே இல்ல.

இப்ப முதல் நாளே ஓரமா 3 அடி உயரத்துக்கு ஒரு மாதிரி சுவர் கட்ட சொல்லுவேன், அந்த நாள் கூலிய தனியா குடுத்துருவேன். அவரே ரெண்டு தடவ பிரிச்சு கட்டினா கை பழகிடும். முக்கியமா சதுரடி கணக்குல லேபர் கான்ட்ராக்ட் பேசாதீங்க, முதல் ரெண்டு வாரம் வேலை மெதுவா தான் போகும், சதுரடி ரேட்டு பேசினா அவசரம் தான் ஜெயிக்கும். நாள் கூலியா பேசுங்க. கல்லுல மிஞ்சின காசுல கொஞ்சம் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் போனா அது ஒண்ணும் நஷ்டம் இல்ல, பெரிய கம்பெனிக்கு போக வேண்டிய காசு ஊருக்குள்ளயே தங்குது.

ஃபில்லர் ஸ்லாப் போட்டா ஒழுகும்னு பயமுறுத்துறாங்க.

தளம் வளையறப்போ மேல் பக்கம் நசுங்குது, கீழ் பக்கம் இழுபடுது. இழுக்குறத தாங்குறது கம்பி, கான்கிரீட் இல்ல. அப்ப நடுப்பகுதில கீழ இருக்கிற கான்கிரீட் பெருசா ஒண்ணும் பண்ணாம சும்மா கனமா தொங்குது. அந்த இடத்துல, கம்பிக்கும் கம்பிக்கும் நடுவுல ரெண்டு சீமை ஓட்ட ஒண்ணு மேல ஒண்ணு கவுத்து வெச்சு மேல கான்கிரீட் போடுறது தான் ஃபில்லர் ஸ்லாப். மேல் பக்கம் எப்பவும் போல முழு கான்கிரீட் தான், அதனால ஒழுகறதுக்கும் ஓட்டுக்கும் சம்பந்தமே இல்ல. ஒழுகினா அது கலவை சரியில்ல, இல்ல வாட்டம் சரியில்ல, இல்ல க்யூரிங் தண்ணி, அதாவது கான்கிரீட் இறுகற வரைக்கும் ஈரம் காட்டுற தண்ணி, விடல.

300 சதுரடி தளம் 5 இஞ்ச் கனத்துல 125 கன அடி கான்கிரீட் வரும், அதுல அஞ்சுல ஒரு பங்கு ஓடு எடுத்துக்கிட்டா சிமெண்ட் மட்டும் அஞ்சு மூட்டை கிட்ட மிச்சம், கனம் குறையறதால கம்பியும் கொஞ்சம் குறையும். ரெண்டு ஓட்டுக்கு நடுவுல நிக்கிற காத்து சூட்டயும் கொஞ்சம் தடுக்கும். ஓடு பழசு போதும், இடிச்ச வீட்ல இருந்து வாங்குங்க, ஆனா வெக்கிறதுக்கு முன்னாடி நல்லா ஊற வைங்க, காஞ்ச ஓடு கான்கிரீட்ல இருக்கிற தண்ணிய உறிஞ்சிடும். சுவர் ஓரம், வெளிய நீட்டுற சன்ஷேடு, பால்கனி, இங்கெல்லாம் ஓடு வெக்கவே கூடாது. கம்பி இடைவெளிய இன்ஜினியர் தான் போட்டுக் குடுக்கணும், பாத்துட்டு வந்து கண்ணளவுல போடுற வேலை இல்ல இது.

மண் கல்லுல கட்டலாம்னு சொல்றீங்களே, மழைல கரைஞ்சிடாதா?

இந்த கேள்விய கேக்காதவங்களே இல்ல, நியாயமான கேள்வி தான், தாத்தா காலத்து மண்சுவர் ஐப்பசி மழைல விழுந்தத பாத்தவங்க நாம.

நான் சொல்றது அந்த பச்ச மண் சுவர் இல்ல. சலிச்ச மண்ணுல 5 சதவீதம் சிமெண்ட் கலந்து, லேசா ஈரம் பண்ணி, கை பிரஸ்ஸுல போட்டு அழுத்தி எடுக்குற கல்லு. சூளை கிடையாது, விறகு கிடையாது. நாலு வாரம் ஈரம் காயாம மூடி வெச்சு க்யூரிங் பண்ணினா தண்ணில போட்டாலும் கரையாது, ரெண்டு மாடி தாராளமா தாங்கும். இதுக்கு ஐஎஸ் 1725னு இந்திய தரமே இருக்கு. நம்ம பக்கத்துல ஆரோவில் எர்த் இன்ஸ்டிட்யூட் 1989ல இருந்து இத செய்றாங்க, அவங்க உருவாக்கின ஆரம் 3000 பிரஸ் பல நாட்டுக்கு போகுது. நம்பிக்கை வரலன்னா ஒரு ஞாயித்துக்கிழமை ஆரோவில் விசிட்டர்ஸ் சென்டருக்கு போங்க, மண் கல்லுல கட்டினது, ஏழைங்களுக்கான கட்டடக்கலைக்குன்னு எகிப்து கட்டடக்கலைஞர் ஹசன் ஃபாத்தி பேர்ல குடுக்குற விருது 1992ல அதுக்கு கிடைச்சிது, முப்பது வருஷத்துக்கு மேல நம்ம கடலோர மழைய வாங்கிக்கிட்டு நிக்குது. அதுக்கும் முன்னாடியே பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துல அமுல்ய ரெட்டி 1974ல அஸ்த்ரான்னு கிராமத்துக்கான தொழில்நுட்ப மையம் தொடங்கினார், மண் கல்லு பத்தின பெரிய ஆராய்ச்சி அங்கயும் நடந்துச்சு.

சுவர் கெடறது எங்கன்னா அடியிலயும் தலையிலயும் தான். அதனால பேஸ்மென்ட் ரெண்டு அடியாவது கருங்கல்லுலயோ சுட்ட கல்லுலயோ ஏத்துங்க, மழைத்தண்ணி தெறிக்கிற உயரம் அது. கூரைய ரெண்டு அடி வெளிய நீட்டுங்க. இந்த ரெண்டும் இல்லாம மண் கல் வீடு வேணும்னு கேட்டா நானே கட்டித் தர மாட்டேன்.

எங்க மனைல இருக்கிற மண்ணே ஆகுமா?

ஒரு கண்ணாடி பாட்டில்ல மூணுல ஒரு பங்கு மண்ணு, மீதி தண்ணி, ஒரு சிட்டிகை உப்பு. நல்லா குலுக்கி ஒரு நாள் அசைக்காம வைங்க. பரல் அடியில, அப்புறம் மணல், அப்புறம் வண்டல், மேல களின்னு தனித்தனியா படியும். பரல் 15, மணல் 50, வண்டல் 15, களி 20ன்னு இருந்தா ரொம்ப அருமையான மண்ணு, அதுக்கு கொஞ்சம் முன்ன பின்ன இருந்தாலும் மணலோ களியோ சேத்து சரி பண்ணிக்கலாம். வானூர் பக்கம் செம்மண் இதுக்குன்னே பொறந்த மாதிரி இருக்கும். மேல்மண்ணு ஒரு அடிய ஒதுக்கி வெச்சிருங்க, அதுல இலை தழை மக்கி இருக்கும், கல்லுக்கு ஆகாது, தோட்டத்துக்கு ஆகும்.

கரிசல் மண் ஊர்க்காரங்க ஆசப்படாதீங்க. அது ஈரத்துல ஊதும், காஞ்சா வெடிக்கும், 5 சதவீத சிமெண்ட் அத கட்டிப் போடாது. விருதுநகர், தூத்துக்குடி பக்கத்துல இருந்து கேட்டவங்களுக்கு ஃப்ளை ஆஷ் கல்ல பாருங்கன்னு தான் சொன்னேன்.

எந்திரம் வாடகைக்கு எடுத்து ஏழெட்டு பேர் கூட்டா நின்னா ஒரு நாளைக்கு எண்ணூறு, ஆயிரம் கல்லு வரைக்கும் அடிக்கலாம். மண்ணு எடுத்த பள்ளத்த மூட வேண்டாம், மழைத்தண்ணி தேங்குற குட்டையா விடுங்க.

ஃப்ளை ஆஷ் கல், ஏஏசி, ஹாலோ பிளாக் இதுல எது நல்லது?

ஃப்ளை ஆஷ் கல் அனல் மின்நிலைய சாம்பல்ல வர்றது, சுட வேண்டியதில்ல, அளவு ஒரே மாதிரி இருக்கும், ராட் டிராப்புக்கும் ஒத்து வரும். நெய்வேலி, மேட்டூர், எண்ணூர், தூத்துக்குடி சுத்து ஊர்கள்ல இருந்தா முதல்ல இத விசாரிங்க. ஏஏசிங்கிறது உள்ள காத்துக் குமிழி நிறைஞ்ச கான்கிரீட் பிளாக், ரொம்ப லேசு, சூட்ட நல்லா தடுக்கும், ஆனா தூண் பீம் போட்ட வீட்டுக்குத்தான் அது சரி, சின்ன வீட்டுக்கு அதுக்காக தூண் எழுப்பினா செலவு எங்கயோ போயிடும். கான்கிரீட் ஹாலோ பிளாக் விலை கம்மின்னு எல்லாரும் போடுறாங்க, 6 இஞ்ச் பிளாக்குல மேற்கு சுவர் எழுப்பின வீட்ல சாயங்காலம் சுவர தொட்டுப் பாருங்க, நான் வேற ஒண்ணும் சொல்ல வேண்டியதில்ல.

சிமெண்ட் வாங்கறப்போ சுவருக்கும் பூச்சுக்கும் பிபிசி (PPC, போர்ட்லாண்ட் பொசோலானா சிமெண்ட்) வாங்குங்க, அதுல ஏற்கனவே சாம்பல் கலந்திருக்கு. எல்சி3ன்னு ஒரு புது சிமெண்ட் வந்திருக்கு, சுட்ட களிமண்ணும் சுண்ணாம்புக்கல்லும் கலந்து, சூளைல சுட்டு எடுக்குற கிளிங்கர பாதியா குறைக்கிறது, ஐஐடி மெட்ராஸும் அதுல நிறைய வேலை செஞ்சிருக்கு, 2023ல அதுக்கு இந்திய தரமும் வந்தாச்சு. உங்க ஊர் கடைக்கு வந்தா தைரியமா வாங்கலாம்.

கலைஞர் கனவு இல்லம் வந்திருக்கு, அந்த காசுல இதெல்லாம் செய்ய முடியுமா?

முடியும், அதுலயும் யாரும் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கு. 2024ல அறிவிச்ச அந்த திட்டத்துல வீட்டுக்கு மூணரை லட்சம், குறைஞ்சது 360 சதுரடி. 300 சதுரடிக்கு கான்கிரீட் தளம் கட்டாயம், மீதி 60 சதுரடிக்கு தீப்பிடிக்காத எந்த கூரை வேணா நீங்களே தேர்ந்தெடுக்கலாம். பெரும்பாலும் அந்த 60 சதுரடிய ஒரு மூலைல தகர ஷீட்டு போட்டு சாமான் வெக்கிற இடமா விட்டுடறாங்க. என் பேச்ச கேளுங்க, அத சீமை ஓடு போட்ட திண்ணையா மேற்கு பக்கம் வைங்க. மதியத்துக்கு மேல வர்ற மொத்த வெயிலும் அந்த ஓட்டு மேல தான் விழும், உள் சுவர் நிழல்ல இருக்கும். ராத்திரி படுக்க, பொம்பளைங்க உக்காந்து பூ கட்ட, பசங்க படிக்க இடமும் ஆச்சு. வாசல் கிழக்குல தான் வரணும்னு சொல்ற வீட்லயும் இதுக்கு தடை இல்ல, பின் திண்ணையா வெச்சிக்கலாம்.

ராட் டிராப்போ ஃபில்லர் ஸ்லாப்போ மண் கல்லோ, எதுவா இருந்தாலும் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே ஊராட்சி ஒன்றிய ஓவர்சியர் கிட்ட வரைபடத்தோட போய் பேசி ஒப்புதல் வாங்கிடுங்க. தவணை பணம் அவர் அளந்து எழுதினா தான் வரும். பிரதமர் வீட்டு திட்டத்துல கிராமத்து வீட்டுக்கு 1.20 லட்சம் தான் திட்டக் கணக்கு, அதுல ஒவ்வொரு மூட்டையும் எண்ணித்தான் ஆகணும்.

2011ல பசுமை வீடு திட்டம்னே ஒண்ணு வந்துச்சே, அது என்ன ஆச்சு?

வருஷத்துக்கு 60,000 வீடுன்னு ஆரம்பிச்ச திட்டம் அது, 300 சதுரடி, வீட்டுக்கு 1.80 லட்சம், அதுல 30,000 சூரிய விளக்குக்கு, அஞ்சு விளக்கு, கூடவே மழைநீர் சேகரிப்பு. ஏழை வீட்டுக்கும் பசுமைக்கும் முடிச்சு போட்டு ஒரு மாநில அரசு அவ்ளோ பெரிய அளவுல யோசிச்சத நான் மதிக்கிறேன். ஆனா பசுமைய விளக்குல வெச்சாங்க, சுவரும் தளமும் எப்பவும் போல செங்கல்லும் கான்கிரீட்டும் தான். பேட்டரிக்கு ஆயுசு சில வருஷம், மாத்துற செலவு அந்த குடும்பத்து தலைல. அதே 30,000 ரூபாய மேல் தளத்துக்கு வெயில திருப்பி அடிக்கிற குளிர் ஓடு, நீட்டின கூரை, நல்ல ஜன்னல்னு போட்டிருந்தா வீடு நிக்கிற வரைக்கும் வேலை செஞ்சிருக்கும். நான் இத ஒவ்வொரு கூட்டத்துலயும் சொல்லிக்கிட்டு தான் இருக்கேன்.

அப்ப சோலாரே வேண்டாமா?

மேல சொன்னதெல்லாம் செஞ்ச பிறகு காசு மிஞ்சினா போடுங்க. பிஎம் சூர்யகர் திட்டத்துல 1 கிலோவாட்டுக்கு 30,000 மானியம் இருக்கு. ஆனா ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசமா இருக்கிற நம்ம ஊர்ல, ரெண்டு ஃபேன் நாலு லைட்டு ஓடுற வீட்டுக்கு பில்லே பெருசா வராது, பேனல் காசு திரும்பி வர ரொம்ப நாள் ஆகும்.

நாங்க இருக்கிறது சிமெண்ட் ஷீட்டு வீடு. புதுசா கட்ட வழியில்ல. எங்களுக்கு ஏதாவது சொல்லுங்க.

உங்களுக்குத்தான் முதல்ல சொல்லணும், வெக்கைல அதிகம் கஷ்டப்படுறது நீங்க தான்.

மாசி கடைசில ஷீட்டு மேல சுண்ணாம்பு வெள்ளை அடிங்க, ரெண்டு கோட்டு, ஒட்டறதுக்கு கொஞ்சம் பசை கலந்து. செலவு சில நூறு ரூபா. வீட்டுக்குள்ள ரெண்டு மூணு டிகிரி குறையறத நானே தெர்மாமீட்டர் வெச்சு பாத்திருக்கேன். அகமதாபாத்ல மகிளா ஹவுசிங் டிரஸ்டுன்னு பெண்கள் அமைப்பு குடிசைப்பகுதிகள்ல இத தான் வீடு வீடா செஞ்சாங்க. மழை வந்தா கழுவிட்டு போயிடும், வருஷா வருஷம் அடிக்கணும். அடிக்கிறதுக்கு முன்னாடி பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்ட சுரண்டாதீங்க, அறுக்காதீங்க, துளை போடாதீங்க, அந்த தூசு நுரையீரலுக்கு ஆகாது. ஈரத்துணியால தொடச்சா போதும். ஷீட்டுல நேரா கால் வெக்காதீங்க, பலகை போட்டு அது மேல ஏறுங்க.

மேற்கு பக்கம் ஒரு பந்தல் கட்டி பீர்க்கையோ சுரையோ அவரையோ ஏத்தி விடுங்க. கொடி மூடின சுவர் சூடாகறதே இல்ல, குழம்புக்கும் ஆச்சு. காசு சேந்தா ஷீட்டுக்கு கீழ மூங்கில் பாயில ஒரு சீலிங், நடுவுல அரை அடி இடைவெளி விட்டு, ரெண்டு முனைலயும் சூடு வெளிய போக சந்து விட்டு.

ஜன்னல் எங்க வெக்கிறது?

நம்ம ஊர்ல வெயில் கிழக்கு மேற்கு சுவர்ல தான் நேரா அடிக்குது, வடக்கு தெற்க சின்ன சன்ஷேடே காப்பாத்திடும். அதனால வீட்ட கிழக்கு மேற்கா நீளமா வைங்க, ஜன்னல வடக்கு தெற்குல எதிரெதிரா வைங்க. மனை அப்படி அமையலன்னா மேற்குல சமையலறை, கழிவறை, படி இதுல ஏதாவது ஒண்ண தள்ளுங்க. ஸ்லைடிங் ஜன்னல் வேண்டாம், எப்ப திறந்தாலும் பாதி மூடித்தான் இருக்கும். கதவு மாதிரி திறக்கிற ஜன்னல் முழுசா காத்து விடும். ராஜ்கோட்ல ஸ்மார்ட் கர்னு ஒரு ஏழைங்களுக்கான அடுக்குமாடி திட்டம், அதுல தடிமன் ஏஏசி சுவரும், கண்ணாடி பாதி பலகை பாதியா திறக்கிற ஜன்னலும், காத்து மேல போக ஒரு பொதுக்குழாயும் வெச்சே வெக்கைய குறைச்சாங்க, ஏசி எதுவும் இல்ல. பாலக்காட்டு கணவாய் காத்து அடிக்கிற பொள்ளாச்சி, பல்லடம் பக்கத்துக்காரங்க மேற்கு ஜன்னல மொத்தமா மூடிடாதீங்க, நிழல் குடுத்து திறந்து வைங்க, அவ்ளோ நல்ல காத்த வீணாக்கக்கூடாது.

அடுக்குமாடில கட்டினா தானே நிறைய பேருக்கு வீடு கிடைக்கும்?

நகரத்துல வேற வழியில்ல தான். சென்னை பெரும்பாக்கத்துல மத்திய அரசு லைட் ஹவுஸ் திட்டத்துல 1152 வீடு கட்டினாங்க, 2021 ஜனவரி 1ம் தேதி அடிக்கல், 2022 மே மாசம் திறப்பு, 116 கோடி செலவு, அதாவது வீட்டுக்கு சுமார் 10 லட்சம். தூண், பீம், தளம் எல்லாம் அச்சுல முன்னாடியே வார்த்து கொண்டு வந்து மாட்டின வீடுங்க. வேகம், க்யூரிங் தண்ணி மிச்சம், சைட்ல குப்பை கம்மி, எல்லாம் உண்மை. ஐஐடி மெட்ராஸ் உர ஆலை கழிவு ஜிப்சத்துல கண்ணாடி இழை கலந்து பண்ணின ஜிஎஃப்ஆர்ஜி பலகைய வெச்சு அவங்க வளாகத்துலயே ஒரு மாடி வீட்ட ஒரே மாசத்துல கட்டிக் காட்டினதும் உண்மை.

ஆனா எனக்கு மனசு ஆறாத ஒரு விஷயம் இருக்கு. கூவம், அடையாறு கரையில இருந்த குடும்பங்கள நகரத்த விட்டு 25 கிலோமீட்டர் தள்ளி குடியேத்திட்டு, சுவர்ல எவ்ளோ கார்பன் மிச்சம்னு கணக்கு போட்டா அது முழு கணக்கா? மயிலாப்பூர்ல வீட்டு வேலைக்கு போற அம்மா தினம் ரெண்டு பஸ் மாறி போய் வரணும், பையன் பள்ளிக்கூடம் மாறணும், வேலையே போயிடுது பல பேருக்கு. அது மட்டுமா, பக்கத்துல பள்ளிக்கரணை சதுப்பு நிலம், மழைத்தண்ணிய உறிஞ்சுற பூமி, அத சுத்தி கட்டடமா ஏத்திட்டு வெள்ளம் வருதுன்னு அழறோம். வேலைக்கு பக்கத்துல இருக்கிற சின்ன வீடு, தூரத்துல இருக்கிற நாலு நட்சத்திர பசுமை கட்டடத்த விட பசுமையானது. இத நான் சாகுற வரைக்கும் சொல்லுவேன்.

கிரிஹா, ஐஜிபிசி சர்டிபிகேட் வாங்கணுமா?

ரெண்டும் பசுமை கட்டடம்னு குடுக்குற தரச்சான்று, தனி வீட்டுக்கு தேவையே இல்ல. அந்த கட்டணத்துக்கு ரெண்டு நல்ல ஜன்னல் வெக்கலாம். நூத்துக்கணக்குல வீடு கட்டுறவங்கள பொறுப்பா வெச்சிருக்க அது உதவும்.

பேங்க்ல மண் கல் வீட்டுக்கு லோன் தருவாங்களா?

ஒரு தடவ வங்கி மதிப்பீட்டாளர் வந்து பாத்துட்டு "மண் வீடு"ன்னு ஒரே வரில எழுதிட்டு போயிட்டார், அந்த குடும்பத்துக்கு நாலு மாசம் இழுத்துச்சு. அதுல இருந்து எஸ்டிமேட்லயே "சிமெண்ட் கலந்து அழுத்தின மண் கல், ஐஎஸ் 1725"ன்னு எழுதி, லேப்ல கல்ல நசுக்கி பாத்த ரிப்போர்ட்ட இணைச்சு, இன்ஜினியர் கையெழுத்தோட குடுக்குறேன். அப்படி குடுத்தா கேள்வி கேப்பாங்க, ஆனா கதவ மூட மாட்டாங்க.

கழிவறை, தண்ணி பத்தி எதுவும் சொல்லலியே?

செப்டிக் டேங்குக்கு பதிலா ரெட்டைக்குழி கழிவறை போடுங்க. ஒரு குழி ரொம்பினா அடுத்ததுக்கு மாத்தி விடணும், முதல் குழிய ரெண்டு வருஷம் தொடாம விட்டா மக்கி வாசனை இல்லாத உரமாயிடும். லாரி வேண்டாம், எந்த மனுஷனும் குழிக்குள்ள இறங்க வேண்டாம், எனக்கு அது தான் பெரிய காரணம். ஆனா நிலத்தடி நீர் ரொம்ப மேல இருக்கிற ஊர்லயும் கிணத்துக்கு பக்கத்துலயும் இது ஆகாது. மழைநீர் சேகரிப்பு 2003ல இருந்தே நம்ம மாநிலத்துல கட்டாயம், கணக்குக்கு ஒரு குழாய மண்ணுல நட்டு வெக்காம, ஜல்லி மணல் போட்ட குழியா ஒழுங்கா செய்ங்க.

எந்த மாசம் ஆரம்பிச்சா நல்லது?

பொங்கல் முடிஞ்ச கையோட. கார்த்திகை மார்கழில பாட்டில் சோதனை, வரைபடம், ஓவர்சியர் ஒப்புதல் எல்லாம் முடிச்சு வைங்க. தை மாசம் கல்லு அடிச்சு நாலு வாரம் சாக்கு போட்டு மூடி ஈரம் காட்டுங்க, அந்த நேரத்துல கடகால் வேலை நடக்கும். மாசி, பங்குனில சுவர் எழும்பும். தளம் போடுற நாள் சித்திரை உச்சி வெயில்ல விழுந்தா விடியக்காலைலயே ஆரம்பிச்சு பத்து மணிக்குள்ள முடிச்சிடுங்க, பாத்தி கட்டி தண்ணி நிறுத்துங்க, குறைஞ்சது பத்து நாள். ஆடி மாசம் புது வீட்டுக்கு போக மாட்டாங்க, அந்த ஒரு மாசம் வீடு நல்லா காயட்டும், ஆவணில பால் காய்ச்சுங்க. ஐப்பசி மழைக்குள்ள எங்கயாவது விரிசல் தெரிஞ்சா என்னைய கூப்பிடுங்க, பூசி மறைச்சிடாதீங்க.